வரிசையின் கடைசிப் பிள்ளையைப் பாருங்கள்: வளரும் பிள்ளைக்கு ஏற்ற உடற்பயிற்சியைத் தேடும் பெற்றோருக்கு

யாழ்ப்பாணத்தில் பிள்ளையை ஒரு ரியூசன் வகுப்பில் சேர்க்க முன்னர் பத்துப் பேரிடம் விசாரிப்போம். யார் படிப்பிக்கிறார், போன வருசம் எத்தனை பேர் நல்ல பெறுபேறு எடுத்தார்கள், ஒரு வாங்கில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்போம். அதே பிள்ளையை உடற்பயிற்சிக்கு அனுப்பும்போது "எத்தனை மணிக்கு விடுவினம்?" என்ற ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

மூத்தவனுக்கு அப்போது 13 வயது. வீட்டுக்குக் கிட்ட நடந்த ஒரு பின்னேரப் பயிற்சியில் சேர்த்தேன். ஐந்தாவது கிழமை, சைக்கிளில் ஏறும்போது முகத்தைச் சுளித்தான். காற்சட்டையை உயர்த்திப் பார்த்தால் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. விரல் பட்டதும் துள்ளினான். ஒவ்வொரு நாளும் நூறு தரம் குதிக்க விட்டிருக்கிறார்கள். நோகுது என்று அவன் சொன்னதற்கு, "நோகாமல் உடம்பு வராது" என்பது பதில். ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று வைத்தியர் சொன்னார். தொடைத் தசையின் நாண் காலெலும்பில் வந்து பற்றும் இடம் வளர்கிற வயதில் இன்னும் முற்றாமல் இருக்கும். ஓயாமல் குதித்தால் அந்த இடம் இழுபட்டு வீங்கிவிடும். வளர்ச்சி முடிய அனேகமாகத் தானாகவே ஆறிவிடும். ஆனால் அவன் திரும்ப மைதானத்துக்குப் போக மனம் வைப்பதற்கு ஒரு வருடம் எடுத்தது. முழங்கால் அதற்கு முன்னரே ஆறிவிட்டது.

அதன் பிறகு மகளுக்காகத் தேடியபோது நிதானமாகத் தேடினேன். 11 வயது தொடக்கம் 17 வயது வரையான பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களுக்கு, நான் தேடிய ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதலில் கொப்பியில் ஒரு கிழமை

பிள்ளையின் ஒரு கிழமையை எழுதிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. கிழமையில் 3 நாளாவது நன்றாக மூச்சு வாங்கும் ஓட்டமும், தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலையும் அதற்குள் இருக்க வேண்டும். 60 நிமிடமும் ஒரேயடியாக வரவேண்டியதில்லை. பாடசாலைக்கு விரைவாகச் சைக்கிள் மிதித்தால் அதுவும் கணக்குத்தான். எந்த வேகம் போதும் என்று அறிய ஒரு வழி இருக்கிறது: பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியும், ஆனால் தேவாரம் பாட முடியாது. அந்த அளவு.

என் மகளின் கிழமையை எழுதியபோது திங்கள் முதல் வெள்ளி வரை போக 20 நிமிடம், வர 20 நிமிடம் சைக்கிள் என்று வந்தது. சனி ஞாயிறு காலையிலிருந்து வாங்கில்தான். குதிப்பது, தூக்குவது, தொங்குவது என்று எதுவுமே இல்லை. அவளுக்கு இன்னொரு ஓட்டப் பயிற்சி தேவைப்படவில்லை; கிழமை முடிவில் நடக்கிற, கை கால்களைப் பலப்படுத்துகிற ஒன்று தேவைப்பட்டது. அது தெரிந்ததும் தேடல் பாதியாகக் குறைந்துவிட்டது.

அப்புறம் பிள்ளையிடம் கேளுங்கள். நேருக்கு நேர் இருத்திக் கேட்டால் நாங்கள் விரும்பும் பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஒழுங்கையில் பக்கத்தில் நடந்துகொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ கேட்டால் உண்மை வரும். சிலர் போட்டியில் ஓட ஆசைப்படுவார்கள். சிலருக்குச் சினேகிதர் போகும் இடம் வேண்டும். இன்னும் சிலர் மெதுவாக, "என்னைக் குண்டன் எண்டு சொல்லுறாங்கள்" என்பார்கள். இந்தக் கடைசிப் பதில் வந்தால் தராசைக் கையில் எடுக்காதீர்கள். உடம்பைக் குறைக்க என்று சேர்த்த பிள்ளை, உடம்பு குறையாத அன்றைக்கே நின்றுவிடும். "பத்துத் தண்டால் எடுக்கப் பழகுவோம்", "கீரிமலைக் கேணியில் பயமில்லாமல் நீந்துவோம்" என்று, செய்து முடிக்கக்கூடிய ஒன்றைக் குறிக்கோளாக வையுங்கள்.

வைத்தியரிடம் ஒரு தடவை

நல்ல சுகத்தோடு ஓடி விளையாடும் பிள்ளைக்குப் பெரிய பரிசோதனைகள் வேண்டியதில்லை. ஆனால் ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால், நெஞ்சு நொந்திருந்தால், இதயம் படபடத்து ஒழுங்கு தவறியதாகச் சொல்லியிருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், வைத்தியர் இதயத்தைப் பார்க்கும் வரை எந்தப் பயிற்சியிலும் சேர்க்காதீர்கள். முட்டு (ஆஸ்துமா) இருக்கிற பிள்ளை விளையாடலாம். வைத்தியர் சொல்லும் பம்ப் பையில் இருக்க வேண்டும்; அது எந்தப் பையில் இருக்கிறது என்பது பயிற்றுநருக்கும் தெரிய வேண்டும்.

வீட்டில் ஒரு சின்ன வேலை. கதவு நிலையில் பென்சிலால் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பெண்பிள்ளைகள் அனேகமாக 11, 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் கிடுகிடுவென வளர்வார்கள். கோடு மூன்று மாதத்தில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறினால் அந்தக் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எலும்பு முந்தி நீள, தசையும் நாணும் பின்னால் இழுபடுகிற காலம் அது. நேற்று வரை பந்தை அழகாகப் பிடித்த பிள்ளை இன்று தன் காலிலேயே தடுக்கி விழும். முழங்காலும் குதிக்காலும் நோகும். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் அந்த மாதங்களில் குறைக்கச் சொல்லி நீங்களே பயிற்றுநரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்தக் கோடு என் மூத்தவனுக்கு நான் போடாத கோடு.

எங்கே தேடுவது

பாடசாலையில் தொடங்குங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும்போது மட்டும் நினைக்கப்படும் உடற்கல்வி ஆசிரியர்தான் உங்கள் பிள்ளை ஓடுவதை நேரில் பார்த்த ஒரே பெரியவர். பத்து நிமிடம் நேரம் கேட்டுப் போய்க் கதையுங்கள். பிள்ளை எதில் ஆர்வமாக நிற்கிறது, எந்த இடத்தில் பின்வாங்குகிறது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்தது ஊர் விளையாட்டுக் கழகமும் சனசமூக நிலையமும். கரப்பந்து, உதைபந்து, வலைப்பந்து என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பெரிய செலவு வராது, நடந்தே போகலாம். பெரிய அண்ணன்மாரின் ஆட்டத்துக்குள் 12 வயதுப் பிள்ளையைக் கலந்து விடுகிறார்களா, வயதுக்கேற்பப் பிரிக்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். எந்த மைதானத்தில் எந்தப் பயிற்சி, யார் நடத்துகிறார் என்று அவரிடம் கேட்கலாம். இதைச் செய்கிற பெற்றோர் மிகக் குறைவு.

நகரத்தில் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்தார்கள். ஓட்டம், பாய்தலில் உண்மையாகவே விருப்பம் உள்ள பிள்ளையை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய் மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்க விடுங்கள். யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற கதையையும், தெல்லிப்பழை மகாஜனாவிலிருந்து போய்க் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரனின் கதையையும் அப்போது சொல்லலாம். இது எங்கள் ஊராலும் முடிகிற விசயம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நீச்சலை உடற்பயிற்சிக்காக மட்டும் நினைக்காதீர்கள். சுற்றிவரக் கடலும் குளமும் கேணியும் உள்ள ஊரில் அது உயிர் காக்கிற பழக்கம். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பிய வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் பிறந்த மண்ணில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இத்தனை பேர் இருப்பது எனக்கு மனவருத்தம். ஆனால் பழகுவது ஆழம் தெரிந்த தடாகத்தில், கண்காணிப்போடு. கசூரினாவில் கடல் ஆழமில்லாமல் அமைதியாகத் தெரிகிறது என்பதற்காக அங்கே தொடங்க வேண்டாம்.

எதுவும் கிட்ட இல்லையா? வளவில் கிளித்தட்டுக்குக் கோடு கீறுங்கள். குனிந்து, திரும்பி, சட்டென நின்று, மறுபடி பாய்ந்து ஓடும் அந்த விளையாட்டை விட நல்ல சுறுசுறுப்புப் பயிற்சியை நான் எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை.

ஒரு மணித்தியாலம் மைதான ஓரத்தில்

மற்றது எதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். காசு கட்ட முன்னர், பிள்ளையைக் கூட்டிப்போகாமல், நீங்கள் மட்டும் போய் முழுப் பயிற்சியையும் பார்க்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்கே விட்டாலும் ஓடுவார்கள். வரிசையில் கடைசியாக வரும் பிள்ளையில் கண்ணை வையுங்கள்.

நான் பார்த்த ஓர் இடத்தில் இருபது பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். முன்னால் வந்தவர்கள் இரண்டு நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு பெடியன், முகம் கறுத்துச் சிவந்து, சப்பாத்தின் நாடா அவிழ்ந்தபடி வந்து சேர்ந்தான். அவன் கோட்டை மிதித்த அதே நொடியில் விசில் ஊதி அடுத்த சுற்று. நாடாவைக் கட்டக்கூட நேரமில்லை. அதாவது அதிகம் களைத்த பிள்ளைக்குத்தான் ஆகக் குறைந்த ஓய்வு. அன்று அவன் ஆறு சுற்று ஓடினான். ஆறிலும் அவனுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. அந்தப் பயிற்றுநர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன்னால் வந்தவர்களை மட்டும் பார்த்தார்.

இன்னோர் இடத்தில் பயிற்றுநர் சுற்றைக் கணக்கு வைக்கவில்லை. "ஆறு நிமிசம் ஓடுங்கோ, ஏலாதெண்டால் நடவுங்கோ" என்றார். வேகமானவர்கள் கூடத் தூரம் ஓடினார்கள், மெதுவானவர்கள் குறைய ஓடினார்கள், விசில் ஊத எல்லோரும் ஒன்றாக நின்று ஒன்றாகத் தண்ணீர் குடித்தார்கள். மகளை அங்கேதான் சேர்த்தேன்.

பார்க்கும்போது இன்னும் சிலதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் பத்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்குகிறார்களா? அசையாமல் நின்று காலைத் தொடுவது அதற்குப் போதாது. மெதுவோட்டம், முழங்காலை உயர்த்தி நடை, கை சுழற்றல் என்று அசைந்து செய்ய வேண்டும். தண்ணீருக்குப் பிள்ளை கேட்க வேண்டியிருக்கிறதா, அவர்களே நிறுத்துகிறார்களா? பிழை விட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறார்களா? ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கிற இடத்தில் ஓட்டத்தை விரும்பப் பிள்ளை பழகாது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கை நீட்டினால், மறுகதை இல்லை, வேறு இடம் பாருங்கள். "கண்டிப்பு இருந்தால்தான் பிள்ளை வரும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். நேரத்துக்கு வரச் சொல்வதும் செய்முறையைத் திருத்துவதும் கண்டிப்பு. அடிப்பது அடிதான்.

பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை

எங்கே பழகினீர்கள், முதலுதவி தெரியுமா, பனிக்கட்டியும் முதலுதவிப் பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. நல்ல பயிற்றுநர் சந்தோசப்படுவார். "மூன்று மாதத்தில் என்ரை பிள்ளை என்ன பழகியிருக்கும்?" என்பது நான் கேட்கும் கேள்வி. "மாவட்ட மட்டத்துக்குக் கொண்டுபோவேன்" என்ற பதிலை விட, "ஒழுங்காகக் குந்தி எழும்ப, குதித்தால் முழங்கால் உள்ளே மடியாமல் இறங்கப் பழகியிருப்பா" என்ற பதில் எனக்குப் பிடிக்கும்.

பாதுகாப்பையும் வாய்விட்டே கேட்க வேண்டும். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் நிற்பார்களா? பயிற்சி முடிந்தபின் தனியாக எந்தப் பிள்ளையையும் வைத்திருப்பதில்லை என்ற ஒழுங்கு இருக்கிறதா? செய்திகள் பெற்றோரும் உள்ள வட்ஸ்அப் குழுவில் வருமா, பிள்ளையின் தொலைபேசிக்குத் தனியாகப் போகுமா? பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு "பெற்றோர் வந்தால் பிள்ளைகள் கவனம் சிதறும்" என்று பதில் வந்தால் நான் திரும்பிவிடுவேன். ஏதாவது தவறு நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. அது பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஆறு மாதக் காசை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

ஜிம்முக்குப் போகக் கேட்டால்

15 வயதில் அனேகமான பெடியன்கள் கேட்பார்கள். பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று எங்கள் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. சரியான மேற்பார்வையில், சரியான முறையில் செய்யும் பலப்பயிற்சி வளர்த்தியை நிறுத்தாது; எலும்புக்கு நல்லது, காயங்களையும் குறைக்கும். ஆபத்து வருவது ஆள் இல்லாமல், பழகாமல், சினேகிதனோடு போட்டிக்குத் தூக்கும்போது.

முதல் இரண்டு மாதம் சொந்த உடம்பின் பாரமே போதும்: தண்டால், குந்தி எழும்புதல், கம்பியில் தொங்குதல், முழங்கையில் ஊன்றிப் பலகை போல் நிற்றல். அப்புறம், ஒழுங்கு குலையாமல் 10 முதல் 15 தரம் தூக்கக்கூடிய பாரம். கிழமையில் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. "ஒரு தரத்தில் ஆகக்கூடியது எவ்வளவு தூக்குவாய்?" என்ற விளையாட்டு உடம்பு வளர்ந்து முடியும் வரை வேண்டாம். புரதப் பவுடர் விற்கிற இடத்தில் பயிற்சி ஆலோசனையை யோசித்துக் கேளுங்கள். முட்டை, மீன், கடலை, பயறு, உழுந்து நல்லெண்ணெய் சேர்ந்த களி என்று எங்கள் அடுப்படியில் இருப்பது வளரும் பிள்ளைக்குப் போதும். எனர்ஜி பானங்கள் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

பெண்பிள்ளைகள்

இதை எழுதத்தான் நான் முதலில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை சாமத்தியப்பட்டதும் சப்பாத்து அலுமாரிக்குள் போய்விடுகிறது. யாரும் தடை போடுவதில்லை, "இனி வெய்யிலுக்குள்ளை என்னத்துக்கு?" என்ற ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறது. எலும்பு ஆயுளுக்கும் தேவையான பலத்தின் பெரும் பகுதியைச் சேர்க்கிற வருடங்கள் அவைதான். அந்த நேரத்தில் நிறுத்தக் கூடாது.

மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யலாம். வயிறு நொந்தால் குறைக்கலாம், முடியாவிட்டால் இருக்கலாம், முடிவு அவளுடையது. பயிற்சி இடத்தில் கதவு பூட்டுகிற, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எத்தனையோ பிள்ளைகள் நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான், ஆனால் வெளியே சொல்வதில்லை. மார்பை இறுக்கமாகத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை வாங்கிக் கொடுங்கள். அது சப்பாத்தைப் போல ஓர் உபகரணம். பெண் பயிற்றுநர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஓர் அம்மாவாவது மைதானத்தில் நிற்கும் ஒழுங்கு வேண்டும். கடும் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால், சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

உயரமான பிள்ளையை "பனை" என்று கூப்பிட்டுக் கூன வைக்கும் சொந்தக்காரருக்கு, புன்னாலைக்கட்டுவனிலிருந்து போய் 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற வலைப்பந்து அணியில் நின்ற தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைக் காட்டுங்கள்.

வெயிலும் மழையும் சோதனையும்

சித்திரை, வைகாசியில் பின்னேரம் நாலரைக்கு முன்னர் கடும் ஓட்டம் வேண்டாம். விடுமுறைக்குப் பின் திரும்பும் பிள்ளைக்கு வெப்பம் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும்; முதல் நாளே முழுப் பயிற்சி கொடுக்கக் கூடாது. வெயிலில் ஓடும் பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கதைத்தால், வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். ஊற்றுவதை அவர்கள் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மைதானம் குளமாகிவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு விறாந்தையில் கயிறடி, தண்டால், படியில் ஏறி இறங்குதல் என்று ஒரு சின்னத் திட்டத்தைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

சாதாரண தரம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவது எங்கள் வழக்கம். குறையுங்கள், நிறுத்தாதீர்கள். கிழமையில் மூன்று நாள், அரை மணித்தியாலம். அந்த நேரத்தைத் தொலைபேசியிடமிருந்து எடுக்கலாம், படிப்பிடமிருந்து எடுக்கத் தேவையில்லை.

முதல் மாதம் முடிந்ததும்

நித்திரை எப்படி என்று பாருங்கள். விடிய எழும்பும்போது மூட்டு நோகிறதா, நொண்டுகிறதா, பயிற்சி நாளன்று மட்டும் வயிற்றுக்குத்து வருகிறதா? தசை நோவு இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே இடத்தில், எலும்பில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய நோவு ஒரு கிழமைக்கு மேல் நின்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். ஒழுங்குபடுத்திய பயிற்சி கிழமைக்குப் பிள்ளையின் வயதை விடக் கூடிய மணித்தியாலம் போகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் சொல்லும் எளிய கணக்கு: 12 வயதென்றால் 12 மணித்தியாலத்துக்குள். கிழமையில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

சரிவராவிட்டால் மாற்றுங்கள். பயிற்றுநர் கோபிப்பார் என்று பயந்து நான் இரண்டு கிழமை கூடுதலாக அனுப்பினேன். அந்த இரண்டு கிழமையில்தான் முழங்கால் புடைத்தது. "சேர், பிள்ளைக்கு இது ஒத்துவரேல்லை, இவ்வளவு நாளும் பாத்ததுக்கு நன்றி" என்று நேரில் சொன்னால் போதும். நான் கடைசியில் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டு விசிலை எடுத்தார், அவ்வளவுதான்.

மூத்தவன் இப்போது சனசமூக நிலையத்தில் கரப்பந்து விளையாடுகிறான். குதிக்கத்தான் குதிக்கிறான். போன சனிக்கிழமை கதவு நிலையில் கோடு போடப் போனேன். போன தடவைக் கோட்டிலேயே நின்றான். "வளர்ந்து முடிஞ்சுது போலை அம்மா, இனி ஜிம்முக்குப் போகலாம்தானே?" என்று கேட்டான். முதலில் போய் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.